வாசகர் கேள்வி – பதில்: மரத்தூளுக்கு நிற்காத தண்ணீர்

போன இதழில், ஓடும் குழாயை நிறுத்தாமலேயே கசிவை அடைப்பது பற்றி எழுதியபோது, புகுஷிமா அணுமின் நிலையத்தில் செய்தித்தாளையும் மரத்தூளையும் போட்டு அடைக்கப் பார்த்தார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. முப்பத்து நான்கு ஆண்டுகள் ரசாயன ஆலைகளில் குழாய்ப் பராமரிப்பில் கழித்தவன் நான். இந்தக் கேள்விகளை நான் விரும்பிப் படித்தேன். இடம் இருக்கும்வரை பதில் சொல்கிறேன்.

திருவாரூர் வாசகர் ஒருவர்: ஆற்றில் உடைப்பு எடுத்தால் நாங்கள் வைக்கோலும் மணல் மூட்டையும் போடுவோம். அவ்வளவு முன்னேறிய ஜப்பான், அணு உலைக் கசிவுக்குப் பழைய செய்தித்தாளையா போட்டது? உண்மையாகவே நடந்ததா?

நடந்தது. 2011 மார்ச் 11-ஆம் தேதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 2 காலை ஒன்பதரை மணியளவில், இரண்டாம் உலைக்குக் கடல்நீர் எடுக்கும் வாயிலுக்குப் பக்கத்தில், மின்கம்பிகள் செல்லும் ஒரு கான்கிரீட் குழியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தார்கள். குழியின் பக்கச் சுவரில் சுமார் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியாகத் தண்ணீர் நேரே கடலில் விழுந்துகொண்டிருந்தது. அது உருகிய எரிபொருளைத் தொட்டுவிட்டு வந்த தண்ணீர். குழிக்குள் நின்ற நீரின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மணிக்கு 1,000 மில்லிசீவர்ட்டைத் தாண்டியது (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவர்ட்). அவசரப் பணியில் இருந்த ஒருவருக்கு அப்போது ஜப்பான் அரசு அனுமதித்த உச்ச அளவே 250 மில்லிசீவர்ட்தான். அந்தத் தண்ணீரை ஒட்டிக் கால் மணி நேரம் நின்றால் ஒருவருடைய பங்கு முழுவதும் தீர்ந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

அன்றே குழிக்குள் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். கசிவு குறையவில்லை. கொத்தனார் எவரையும் கேளுங்கள், ஓடும் தண்ணீரில் கொட்டிய கலவை என்னாகும் என்று சொல்வார்: சிமெண்ட் பால் கரைந்து போகும், ஜல்லிதான் மிஞ்சும். மறுநாள், குழிக்கு மேல்பக்கம் தண்ணீர் வரும் கம்பிப் பாதையின் கூரையை உடைத்துத் திறந்து, அங்கிருந்து அடைக்க முயன்றார்கள். 20 பை மரத்தூள், டயப்பருக்குள் இருப்பதைப் போல நீரை உறிஞ்சி உப்பும் பாலிமர் 80 சிறு பைகள், துண்டு துண்டாக வெட்டிய செய்தித்தாள் 3 பை. நீங்கள் கேட்ட செய்தித்தாள் அதுதான்.

இதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். அனல்மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டன்சர் குழாய்களில் ஊசித்துளை விழுந்தால், குளிர்நீர்ப் பக்கத்தில் மரத்தூளைக் கலந்துவிடுவது பழைய கைவைத்தியம். தூள் தானே ஓட்டையைத் தேடிப் போய் உட்கார்ந்து ஊறி அடைத்துக்கொள்ளும். நானே ஒருமுறை அப்படிச் செய்து, அடுத்த நிறுத்தம் வரை ஓட்டியிருக்கிறேன். முறையில் குற்றமில்லை. தண்ணீர் அந்த வழியாக வரவில்லை என்பதுதான் சிக்கல்.

அதைக் கண்டுபிடித்தது ஒரு குளியல் பொடி. ஏப்ரல் 4 காலை ஏழு மணிக்குமேல், குளியல் தொட்டியில் கரைக்கும் வெள்ளைப் பொடியை சுமார் 13 கிலோ எடுத்து மேல்பக்கப் பாதையில் கொட்டினார்கள். பாதை வழியாகத்தான் தண்ணீர் வருகிறது என்றால் வெடிப்பில் பால் நிறத்தில் விழவேண்டும். விழவில்லை. தெளிவாகவே விழுந்தது. அப்படியானால் தண்ணீர் கான்கிரீட் பாதைக்குள் ஓடவில்லை. பாதைக்கு அடியில் பரப்பியிருந்த ஜல்லிப் படுகைக்குள் இறங்கி ஓடுகிறது. மறுநாள் குழியைச் சுற்றித் துளை போட்டு, அந்தத் துளையில் நிறத்தை ஊற்றினார்கள். இப்போது கடல் பக்கம் நிறம் வந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அந்த ஜல்லிக்குள் சோடியம் சிலிகேட் கரைசலைச் செலுத்தத் தொடங்கினார்கள். ஏப்ரல் 6 அதிகாலை 5.38-க்குத் தண்ணீர் நின்றது.

திருவாரூர்க்காரரான உங்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: நண்டு வளை. வரப்பில் நண்டு போட்ட வளை வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போனால், தண்ணீர் வெளியே கொப்பளிக்கும் வாயில் எத்தனை கூடை சேற்றை அப்பினாலும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். தண்ணீர் நிற்கும் பக்கத்தில் காலால் துழாவி, உள்வாயைக் கண்டுபிடித்து மிதித்தால்தான் நிற்கும். அங்கே தண்ணீரின் அழுத்தமே சேற்றை உள்ளே தள்ளி இறுக்கிக் கொடுக்கும். புகுஷிமாவில் உள்வாய் என்பது கதிர்வீச்சு நிறைந்த டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே ஆள் போக முடியாது. அதனால் வளையின் நடுவயிற்றில் அடைத்தார்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடமில்லை. நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஓர் ஆலையின் தரைக்கடியில் அமிலக் கழிவுநீர் கசிந்தது. கசியும் இடத்தைக் கொத்தி, விரைவில் இறுகும் சிமெண்டை இரண்டு இரவு அடைத்தேன். விடிந்தால் ஒரு முழம் தள்ளி ஈரம் தெரியும். மூன்றாம் நாள் எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர் பெட்டிக்கடையில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னார். வாளித் தண்ணீரில் கரைத்து, சந்தேகப்பட்ட குழாயின் மேன்ஹோலில் ஊற்றிவிட்டு, பீடியைக்கூடப் பற்றவைக்காமல் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். நீலம் வரவே இல்லை. "தம்பி, நீ ரெண்டு நாளா வேற குழாய்க்கு வைத்தியம் பார்த்திருக்கே" என்றார். கசிந்தது பக்கத்துக் குழாய். புகுஷிமாவின் குளியல் பொடியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவருடைய முகம்தான் நினைவுக்கு வந்தது.

சிலிகேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோவைப் பக்கத்து வாசகர்களுக்கு அது அறிமுகமான பொருள். பவுண்டரியில் மணலோடு சிலிகேட்டைப் பிசைந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே விட்டால் அச்சு கல்லாக இறுகுகிறதே, அதே சிலிகேட்தான். பார்ப்பதற்குச் சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். விரலில் பட்டால் வழவழக்கும். காய்ந்தால் கண்ணாடிச் செதிலாக உரியும். மண்ணுக்குள் செலுத்தும்போது இறுக்கும் மருந்தைச் சேர்த்துச் செலுத்துகிறார்கள். ஜல்லி இடுக்கெல்லாம் தண்ணீரைப் போலவே புகுந்து, போன இடத்தில் கூழாகி நின்றுவிடும். சுரங்கம் தோண்டுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறை இது. சிமெண்ட் துகளால் நுழைய முடியாத இடுக்கிலும் இது நுழையும்.

நின்றது என்று மகிழ்வதற்குள் ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். அந்த வெடிப்பு வழியாகக் கடலில் கலந்த நீர் சுமார் 520 டன் என்று மின் நிறுவனமே மதிப்பிட்டது. இன்னொரு வேதனை: இந்தக் கடுங்கதிர் நீரைத் தேக்கிவைக்க இடம் வேண்டும் என்பதற்காக, கதிர்வீச்சு குறைவாக இருந்த 10,000 டன்னுக்கு மேற்பட்ட நீரை ஏப்ரல் 4 முதல் அவர்களே கடலில் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் அடைக்கப் போராடிக்கொண்டே மறுபக்கம் திறந்துவிட வேண்டிய நிலை. அந்த உத்தரவில் கையெழுத்திட்டவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

கோவை, பொறியியல் மாணவி: உலைக்குள் தண்ணீர் செலுத்துவதை நிறுத்தியிருந்தால் கசிவும் தானாக நின்றிருக்குமே, ஐயா?

நின்றிருக்கும் அம்மா, கூடவே மிச்சமிருந்த எரிபொருளும் உருகியிருக்கும். அடுப்பை அணைத்தாலும் விறகுக் கரி கனன்றுகொண்டிருப்பதைப் போன்றதல்ல இது. கரி ஒரு மணியில் சாம்பலாகிவிடும். அணு எரிபொருளில், பிளவு நின்ற பிறகும் பிளவில் பிறந்த பொருள்கள் சிதைந்து வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சிதைவு வெப்பம் என்கிறோம். நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம், ஒரு நாள் கழித்தும் ஏறக்குறைய அரை சதவீதம். அரை சதவீதம்தானே என்று தோன்றும். இரண்டாம் உலையின் முழு வெப்பத்திறன் 2,381 மெகாவாட். அதில் அரை சதவீதம் சுமார் 12 மெகாவாட். மணிக்கு 15 டன் தண்ணீரை ஆவியாக்க அது போதும். அதன் பிறகு மிக மெதுவாகவே குறையும். உலையில் ஊற்றினார்கள், ஊற்றியது கசிந்து கட்டடங்களின் அடித்தளத்தில் தேங்கியது, அங்கிருந்து குழாய்ப் பாதைகள் வழியாக வெளியேறப் பார்த்தது. எங்கள் ஆலையில் எந்தக் கசிவுக்கும் முதல் மருந்து மேல்பக்க வால்வை மூடுவது. அணு உலை விபத்தில் அந்த முதல் மருந்தே கிடையாது. தண்ணீர் ஓட ஓடத்தான் அடைக்க வேண்டும். மற்ற எல்லாக் கடினமும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எல்லாக் குழாய்களிலும் ஆபத்து வந்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வைப் பொருத்திவிட்டால் என்ன?

பொருத்தித்தான் இருக்கிறார்கள், ஐயா. உலையைச் சுற்றியுள்ள கவசக் கட்டடத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு செல்லும் குழாய்களில், பொதுவாகச் சுவருக்கு உள்ளே ஒரு வால்வும் வெளியே ஒரு வால்வும் இருக்கும். ஒன்று மக்கர் செய்தாலும் மற்றது மூடும். உலைக்குள்ளேயே தண்ணீர் கொதித்து நீராவியாகும் கொதிநீர் உலைகளில் முதன்மை நீராவிக் குழாயின் வால்வு சில நொடிகளில் மூடிக்கொள்ளும். ஆனால் எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

புகுஷிமாவின் முதல் உலையில், பம்ப் இல்லாமலே நீராவியைக் குளிர்வித்து நீராக்கி உலைக்குத் திருப்பியனுப்பும் ஒரு தொட்டி அமைப்பு இருந்தது. அதன் குழாய் உடைந்தால் தானே மூடிக்கொள்ளும்படி வால்வுகளை அமைத்திருந்தார்கள். ஆழிப்பேரலை வந்து பேட்டரி மின்சாரமும் போனபோது, குழாய் உடைந்துவிட்டது என்றே அந்த அமைப்பு எடுத்துக்கொண்டது. வால்வுகளுக்கு மூடும் கட்டளை போய்விட்டது. குழாய் உடையவில்லை. அந்த நேரத்தில் உலைக்கு மிகவும் தேவைப்பட்ட குளிர்ச்சிதான் நின்றுபோனது. வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கக் கட்டுப்பாட்டு அறையில் விளக்கும் எரியவில்லை. பாதுகாப்புக்கென்று வைத்த பூட்டு, வீட்டுக்காரரையே வெளியே வைத்துப் பூட்டிவிட்டது.

இரண்டாவது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட். 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கு, அழுத்தம் கூடியதால் ஒரு தணிப்பு வால்வு திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை, மூடச் சொல்லி ஆணை போனதா என்பதை மட்டுமே காட்டியது. பணியில் இருந்தவர்கள் மூடிவிட்டது என்று நம்பினார்கள். அதே குழாயில் இன்னொரு வால்வு, கைக்கெட்டும் சுவிட்சில், நல்ல நிலையில் இருந்தது. புதிதாக வந்த ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவருடைய யோசனையில் 6.22-க்கு அதை மூடினார்கள். இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம் உலையின் தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. அடைக்க ஒரு பையன் போதும், ஒரு சுவிட்ச் போதும். எந்தக் குழாய் என்று தெரியாமல் போனதுதான் கேடு. சிக்கிக்கொண்ட தணிப்பு வால்வுக்குக் கீழே குழாய் சூடாக இருப்பதை வெப்பமானி காட்டிக்கொண்டேதான் இருந்தது. அது முன்பிருந்தே லேசாகக் கசியும் வால்வு என்பதால், பழைய சூடு என்று விட்டுவிட்டார்கள். சின்னக் கசிவைச் சரிசெய்யாமல் ஓட்டினால் இதுதான் நேரும்: பெரிய கசிவு வரும் நாளில் நம் கண் அதை நம்பாது. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

சேலம் வாசகர்: இந்த வேலைக்கெல்லாம் ரோபோவை அனுப்பக் கூடாதா?

அனுப்பினார்கள். ஆனால் புகுஷிமா உலைக் கட்டடங்களுக்குள் தூரத்திலிருந்து இயக்கும் பேக்பாட் என்ற சிறு ரோபோக்கள் முதலில் நுழைந்தது ஏப்ரல் 17-இல். மேலே சொன்ன கசிவை அடைத்தவர்கள் மனிதர்கள்தான்.

ராதாபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி: கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. நாங்கள் என்னதான் கேட்பது?

பயப்படுவது தவறில்லை சகோதரி. பயத்தைக் கேள்வியாக மாற்றியிருக்கிறீர்களே, அதுவே நல்ல தொடக்கம். கூடங்குளத்தில் இருப்பது, உலைக்குள் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைத்திருக்கும் அழுத்தநீர் உலை. புகுஷிமாவில் இருந்த கொதிநீர் உலை அல்ல. மின்சாரம் இல்லாமலே காற்றால் வெப்பத்தை அகற்றும் ஏற்பாடும், எரிபொருள் உருகி விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் தொட்டியும் அங்கே உண்டு. இவை பெரிய வேறுபாடுகள்.

ஆனாலும் 'பாதுகாப்பாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இருக்கிறது' என்ற ஒரு சொல்லில் அது முடிந்துவிடும். கவசக் கட்டடத்துக்குள் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவைச் சோதித்தது கடைசியாக எப்போது, அனுமதித்த அளவு எவ்வளவு, கிடைத்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் வால்வுகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மூடிப் பார்க்கிறார்கள், மின்சாரம் போனால் ஒவ்வொன்றும் எந்த நிலையில் நிற்கும் என்று கேளுங்கள். கேஸ்கட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். புகுஷிமாவில் கவசக் கலத்தின் மேல்மூடிக்கு வைத்த சிலிகான் ரப்பர் கேஸ்கட் கடும் வெப்பத்தில் தளர்ந்து போயிருக்கும் என்பது பின்னால் நடந்த ஆய்வுகளின் முடிவு. எஃகு தாங்கிய இடத்தில் ரப்பர் தாங்கவில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். தகவல் உரிமைச் சட்டம் நமக்கென்றே இருக்கிறது.

அம்பத்தூர், குழாய் ஃபிட்டர்: நான் வேலை பார்க்கும் அடுக்குமாடி வளாகத்தில், கீழ்த்தள பம்ப் அறையில் 4 அங்குலக் குழாயின் வால்வு பழுது. தொட்டியை வடிக்காமல், திரவ நைட்ரஜன் ஊற்றி உள்ளே தண்ணீரை உறையவைத்து வால்வை மாற்றலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். அணு உலையிலேயே செய்யும் முறை என்று சொல்கிறார். உண்மையா? நம்பிச் செய்யலாமா?

உண்மைதான் தம்பி. நம் கல்பாக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1999 மார்ச்சில், இரண்டாம் உலையின் குளிர்விப்புக் குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குழாயின் முனையை மூடியிருந்த அடைப்பு நழுவிக் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) கொட்டியது. அதை நிறுத்தப் பனிக்கட்டி அடைப்பைத்தான் போட்டார்கள். கனநீர் 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால் அந்த வகையில் கொஞ்சம் சாதகம்.

ஆனால் இந்த முறைக்கு ஒரே ஒரு எதிரி உண்டு: ஓட்டம். புகுஷிமாவில் 2014-இல் இதைப் பட்டு அறிந்தார்கள். இரண்டாம் உலையின் டர்பைன் கட்டடத்தையும் கடல்நீர்க் குழாய்ப் பாதையையும் பிரிக்க, சந்திக்கும் இடத்தில் தண்ணீரை உறையவைத்துச் சுவர் எழுப்பப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் குளிரூட்டியும் முழுதாக உறையவில்லை. கோடையில் பனிக்கட்டியையும் உலர்பனியையும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். தண்ணீர் நகர்ந்துகொண்டே இருந்தது. குறுக்கே போன குழாய்களும் கம்பிகளும் இடைஞ்சலாக நின்றன. கடைசியில் உறையவைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, நீருக்கடியில் கரையாமல் பரவும் சிமெண்டால் பாதையையே நிரப்பினார்கள்.

ஆகவே உங்கள் குழாயில் நீர் அசையாமல் நிற்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பழுதான வால்வு லேசாக ஒழுகினால்கூட, அந்த ஒழுக்கு இருக்கும்வரை நடுவில் ஒரு துளை உறையாமலே நிற்கும். வெளியில் வெண்பனி படர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வால்வுக்கும் உறையும் இடத்துக்கும் நடுவே ஒரு சிறிய வடிகாலைத் திறந்து, சொட்டு நின்று ஒரு மணி நேரம் ஆனபிறகே ஸ்பேனரைக் கையில் எடுங்கள். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் இரும்புக் குழாய் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியதாகிவிடும். சுத்தியல் அந்தப் பக்கமே வரக்கூடாது. முடிந்தபின் வெந்நீர் ஊற்றி அவசரமாக உருக்கவும் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கடிதத்தில் 'கீழ்த்தளம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். வாசனை இல்லை, நிறம் இல்லை. அறையில் இருக்கும் பிராணவாயுவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மூச்சு முட்டாது, இருமல் வராது. ஆள் அப்படியே சரிந்துவிடுவார், தூக்கப் போகிறவரும் சரிவார். அந்த அறைக்கு ஒரே கதவா, இரண்டா? ஜன்னல் உண்டா? வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா? பிராணவாயு அளக்கும் கருவியை ஒப்பந்ததாரர் கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். கொண்டுவரவில்லை என்றால் இறங்காதீர்கள். தொட்டியை வடித்துவிட்டே வேலையைப் பாருங்கள். குடியிருப்போர் ஒரு நாள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் வேலையைத் தொடங்கிவிடுவீர்களோ என்று, உங்கள் முகவரிக்குத் தனியாக ஒரு கடிதமும் இன்றைக்கே அனுப்பியிருக்கிறேன்.